சவூதிக்குப் போன காதலன்

சண்டைக் காலத்தில் நான் வேலைக்குப் போன படகில் ஒரு ரீச்சரும் வருவார். மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி. படகு வாவியைக் கடந்து முடியும்வரை மடியில் தாள் வைத்துக் கதை எழுதுவார்.

ஒருநாள் துறையில் நின்ற ஆமிக்காரன் அந்தத் தாளைப் பிடுங்கி, சிங்களம் தெரிந்த என்னிடம் நீட்டி, வாசித்துச் சொல்லச் சொன்னான். அது காதல் கதை; காதலனைப் பிரிந்து காதலி அழுதுகொண்டே இருந்தாள். காதலன் துவக்குத் தூக்க இயக்கத்துக்குப் போகிறான் என்றிருந்த இடத்தில், சவூதிக்குப் போகிறான் என்று மாற்றிச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு எங்களைப் போகவிட்டான்.

தாளை ரீச்சரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"எனக்கும் சிங்களம் விளங்கும் தம்பி," என்றார் ரீச்சர். "உசிரைக் காப்பாத்திட்டீங்க, சரி. ஆனா சவூதிக்குப் போனவனுக்கு அந்தப் பொடிச்சி இவ்வளவு அழமாட்டாள். அழுகையையும் குறைச்சுச் சொல்லியிருக்க வேணும்."

பகிடியா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிப்பே இல்லை.