சரிந்து நின்ற குழாய்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட, சுவர் கட்டும் ஒரு மேசன் வைத்தியம் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஈரலில் கத்தி பட்டு, இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துப் பயந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு ஈரலில் சீழ்க்கட்டி. கீறி எடுத்தார்கள். அதன்பின் கிழமைக்கொரு ஈ.எஸ்.ஆர். பரிசோதனை (நிமிர்ந்த கண்ணாடிக் குழாயில் இரத்தத்தின் சிவப்பு ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது, உடம்பில் அழற்சி இருந்தால் கூடுதலாக இறங்கும்). முதலில் தொண்ணூறு, பிறகு அறுபது. வீடு வந்தபின் நகரத்தில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் பார்த்தபோது தொண்ணூற்றைந்து.

"காய்ச்சல் இல்லை, பசிக்குது எண்டும் சொல்லுறீங்கள்," என்றார் டொக்டர். "ஆனா எண் ஏறிக் கிடக்கு. வெள்ளிக்கிழமை திரும்பப் பாருங்கோ. குறையாட்டி மறுபடி கீறத்தான் வேணும். ஆஸ்பத்திரியில கட்டில் ஒண்டு சொல்லி வைக்கிறன்."

இன்னொரு கீறலை என் உடம்பு தாங்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊரான கப்பல்துறையிலிருந்து மனைவியோடு பஸ்ஸில் அதே கூடத்துக்குப் போனேன். பரிசோதனைக்காரர் இரத்தம் எடுத்து, குழாயைத் தாங்கியில் நிறுத்திவிட்டு, "ஒரு மணித்தியாலம் இருங்கோ" என்றார். இருபது வருடம் சுவர் கட்டிய கண் சும்மா இருக்கவில்லை. குழாய் சரிந்து நின்றது. சொல்ல வாய் வரவில்லை. மனைவியின் காதில் மட்டும் சொன்னேன்.

"ஊரார் வீட்டுச் சுவர் நூலளவு சரிஞ்சா உடைச்சுக் கட்டுவியள். உங்கட இரத்தத்துக்கு மட்டும் வாயில்லையோ?" என்றாள். சேலைத் தலைப்பிலிருந்த வீட்டுத் திறப்பை (சாவியை) நூலோடு அவிழ்த்துத் தந்தாள்.

அதை, சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு போல, குழாயின் மேல் நுனியருகே பிடித்துத் தொங்கவிட்டேன். நூலுக்கும் குழாயின் அடிக்கும் இடையே ஒரு விரல் போகும்.

"நீங்கள் டொக்டரோ, மேசனோ?" என்று பரிசோதனைக்காரர் முகம் சுளித்தார்.

"மேசன்தான் ஐயா. அதுதான் பேசாம இருக்க ஏலாமப் போச்சு."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். மேசைக்காலின் கீழிருந்த கட்டை விலகியிருந்தது, போன முறை எனக்குப் பார்த்தபோதே விலகியிருக்க வேண்டும். சரிந்த குழாயில் சிவப்பு வேகமாக இறங்கிவிடுமாம், அவரே சொன்னார். கட்டையை நானே செருகினேன். புது இரத்தம், புது மணித்தியாலம்.

முப்பத்தெட்டு!

மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். நான் முதன்முறையாக வெளியாட்கள் முன்னால் சத்தமாகச் சிரித்தேன், தழும்பு வலித்தது.

அன்று மாலையே டொக்டர் சீட்டைப் பார்த்தார். "இனிக் கத்தி வேண்டாம்," என்றார். கீறியபின் இந்த எண் மெதுவாகத்தான் இறங்குமாம். காய்ச்சல், பசி, வெள்ளையணுக்களின் எண்ணிக்கை எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டுமாம். ஆகவே உங்களுக்கும் சந்தேகம் வந்தால் கேளுங்கள். கூச்சம் பார்க்காதீர்கள்.

முன்பு ஒரு மணித்தியாலம் என்றால் எனக்கு இரண்டு வரிக் கல் கட்டும் நேரம். இப்போது என் இரத்தம் நேராக, ஆறுதலாக இறங்கும் நேரம்.

மறுநாள் எனக்கென்று சொல்லி வைத்த கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.