ரேடியோவையும் அணைச்சிருங்க

வெள்ளிக்கிழமை எனக்குப் பிடிக்காது. வளைகுடாவில் இருந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே அதுதான் லீவு நாள். ஆனால் மனைவியையும் மகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு ஒற்றை ரூமில் கிடப்பவனுக்கு லீவைப் போல ஒரு தண்டனை கிடையாது. மகளின் படிப்புக்காக இருவரையும் திருநெல்வேலிக்கு அனுப்பியிருந்தேன். அல் ஐன் என்ற பாலைவன ஊரில், விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியின் மின்சாரப் பிரிவில் எனக்கு வேலை. டூட்டி நாட்கள் எப்படியோ ஓடிவிடும். வெள்ளிக்கிழமை வந்தால் துணி துவைப்பேன், காய்ந்ததை மடிப்பேன், மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடிப்பேன்.

அப்படியொரு வெள்ளிக்கிழமை மாலை ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கடைக்காரர் எடுத்துப் போட்ட வயர் சுருள்களை எல்லாம் ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்ப் பேச்சு காதில் விழுந்ததும் நான் நடுவில் புகுந்தேன்.

“சார், எதுக்கு இந்த வயர்?”

“ஏரோப்ளேனுக்குங்க.”

“எந்தக் கம்பெனி சார்?”

“கம்பெனி எல்லாம் இல்லீங்க தம்பி. வீட்டுல நானே கட்டிட்டிருக்கேன்.”

மறை கழன்ற கேஸ் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமை, அவர் கொடுத்த விலாசத்தைத் தேடி அவர் வில்லாவின் முன்னால் போய் நின்றேன். துணி மடிப்பதற்கு இது பரவாயில்லை.

கார் நிற்கவேண்டிய கொட்டகையில் உண்மையாகவே ஒரு விமானம் நின்றது. இரண்டு பேர் உட்காரலாம். பெட்டி பெட்டியாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பாகங்களை வருடக்கணக்கில் ஒட்டியும் இழைத்தும் அவர் சேர்த்திருந்தார். எண்ணெய்க் கம்பெனியில் பெரிய இன்ஜினியர்; அமெரிக்காவில் படித்தபோதே விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்தவர். மனைவியும் இரண்டு பையன்களும் இப்போது அமெரிக்காவில். இவர் ஐந்து படுக்கையறை வீட்டில் ஒரே ஒரு அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு வாழ்ந்தார். உடம்பும் இறக்கையும் முடிந்துவிட்டன, மின்சாரம்தான் பாக்கி என்றார். அதற்குத்தான் நான் மாட்டினேன்.

அந்த விமானத்தின் உடம்பு ஃபைபர் கிளாஸ். காரில் ஒரு விளக்குக்கு ஒரு வயர் போட்டால் போதும், மின்சாரம் தகரத்தின் வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். இதில் தகரமே இல்லை. போகிற ஒவ்வொரு வயருக்கும் திரும்பிவர இன்னொரு வயர் வேண்டும். எல்லாத் திரும்பும் வயர்களையும் ஒரே பித்தளைப் பட்டையில் கொண்டுவந்து கட்டவேண்டும். போதாக்குறைக்கு, அவர் வாங்கியிருந்த இன்ஜினுக்கு நெருப்புப் பொறியும் பெட்ரோல் பம்பும் மின்சாரத்தில்தான் ஓடும். பறக்கும்போது ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்கும். அது நின்றால் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். பேட்டரியும் தீர்ந்தால் இன்ஜின் நின்றுவிடும். இதை முதல் நாளே சொன்னேன். “தெரியுங்க, அதுக்குத்தான நீங்க வந்திருக்கீங்க” என்றார்.

இரண்டு வருட வெள்ளிக்கிழமைகள் அந்தக் கொட்டகையில் போயின. மனிதருக்கு வாய் ஓயாது. பெயின்டைப் பற்றிப் பேசுவார், காற்றைப் பற்றிப் பேசுவார், ஒரு திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு டீ ஆறிப்போகும்வரை பேசுவார். குடும்பத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு மகள் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும், அவருக்குப் பையன்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. வீட்டை நினைத்துக்கொண்டு கிடக்கும் இரண்டு பேர் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்ற பயம் இருவருக்குமே இருந்திருக்கும்.

சண்டை ஒன்றே ஒன்றுக்குத்தான் வந்தது. வயரின் முனையில் ஒரு செப்புக் காதை மாட்டி, அதற்கென்று இருக்கும் இடுக்கியால் ஒரே அழுத்தாக அழுத்தினால் அது பிடித்துக்கொள்ளும். கிரிம்ப் என்போம். அது போதும். ஆனால் சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்களுக்கு அது போதாது. இன்னும் பலமாக இருக்கட்டும் என்று அதன்மேல் ஈயத்தையும் உருக்கி ஊற்றுவார்கள். ஈயம் வயருக்குள் ஊறி அந்த இடத்தைக் குச்சியாக விறைக்கவைத்துவிடும். இன்ஜின் நடுங்க நடுங்க, விறைப்பு முடியும் இடத்தில் வயர் ஒடியும்.

“சார், ஈயம் வைக்காதிய. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“மனசு கேக்கலீங்களே தம்பி. வெறும் நசுக்கலுல என் உசுரு தொங்குதுங்களே.”

“ஈயம் வச்சாத்தான் சார் தொங்கும்.”

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அன்று டீகூடப் போடவில்லை. பிறகு ஒப்புக்கொண்டார்.

ஒரு குளிர்காலத்தில் வேலை முடிந்தது. பாலைவனத்தில் ஒரு தனியார் ஓடுதளத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். வேண்டிய அனுமதியெல்லாம் அவர் எப்படியோ வாங்கியிருந்தார். சோதனைப் பறப்பு முடியும்வரை ஓட்டுபவர் மட்டும்தான் ஏறலாம் என்பது விதி. பக்கத்து இருக்கையில் மணல் மூட்டையைக் கட்டினோம். எனக்கு அந்த மூட்டைமேல் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். நான் கை ரேடியோவைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன்.

முதல் பறப்புகள் நன்றாகவே நடந்தன. மேலே போயும் வாய் ஓயவில்லை. ரோட்டில் ஒட்டகம் போகிறது என்பார், ஜெபல் ஹஃபீத் மலை இட்லி மாதிரி தெரிகிறது என்பார். நான் “ம்” கொட்டுவேன். ரூமில் நாள் முழுக்க ஒரு குரலும் கேட்காதவனுக்கு அந்தக் கரகரத்த குரல் எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவர் அறிந்திருக்கமாட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவர் முன்பைவிடத் தூரம் போயிருந்தார். நடுப் பேச்சில் நிறுத்தினார்.

“தம்பி, வோல்ட் மீட்டர் பதினாலுல இருந்து பன்னெண்டுக்கு வந்துருச்சுங்க. செவப்பு லைட்டு எரியுது.”

ஆல்டர்னேட்டர் நின்றுவிட்டது. எடை குறையட்டும் என்று வாங்கிய சின்ன பேட்டரி. திரும்பிவர அரைமணி நேரமாவது ஆகும், அதுவும் எதிர்க்காற்றில். இறங்க நினைத்தால் கீழே மணல்மேடுகள். பயத்தைக் குரலில் காட்டிக்கொள்ளாமல் பேசினேன்.

“திரும்பிருங்க சார். லைட்டை எல்லாம் அணைங்க. ஃபேனை அணைங்க. ஸ்கிரீனையும் அணைச்சிருங்க. முள்ளு மீட்டருக்குக் கரன்ட் வேண்டாம், அதைப் பாத்தே வந்திரலாம்.”

“அணைச்சாச்சுங்க. அணைச்சாச்சு. இதுவும் அணைச்சாச்சு. பாருங்க தம்பி, ஃபேன் நின்னதும் எவ்வளவு அமைதியா…”

“சார், ரேடியோவையும் அணைச்சிருங்க.”

“ரேடியோவையுமா?” என்றார். அப்படியொரு குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

“ஆமா சார். கேக்குறதுக்குக் கொஞ்சந்தான் கரன்ட் எடுக்கும். பேசுனா மடமடன்னு குடிச்சிரும். நீங்க பேசாம இருக்க மாட்டிய.”

சிரித்தார். “அதுவும் சரிதானுங்க. கீழ பார்க்கலாம் தம்பி.”

டக்கென்று ஒரு சத்தம். அதற்குப்பின் ஒன்றுமில்லை.

பாலைவனம் எவ்வளவு காலியானது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருடம் அங்கே இருந்தும் அப்படித் தனியாக நின்றதில்லை. அந்த மனிதருக்குக் கடைசியாகத் துணையாக இருந்த ஒன்றை நானே பிடுங்கிவிட்டேன். செய்தது சரி என்று தெரியும். சரி என்பதால் வலி குறையவில்லை. ஓடுதளத்தின் பட்டாணியக் காவலாளி பக்கத்தில் வந்து, “ஜஹாஸ் கிதர் ஹை, பாய்?” என்று விமானம் எங்கே என இந்தியில் கேட்டார். வானத்தைக் காட்டினேன். அவரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்திலேயே நின்றார்.

கோபமும் வந்தது. எந்த வயர் என்று எனக்கு ஓர் ஊகம் இருந்தது, மறுநாள் இன்ஜின் மூடியைக் கழற்றியபோது அதுவேதான். ஆல்டர்னேட்டருக்குப் போகும் மெல்லிய வயர் ஒன்றில், நான் இல்லாத ஏதோ ஒரு வாரநாளில், பளபளவென்று ஈயம் வைத்திருந்தார். ஈயம் முடியும் இடத்தில் வயர் ஒடிந்திருந்தது. அழகாகத்தான் வைத்திருந்தார், பாவி மனுஷன். பேச ஆள் இல்லாத வீட்டில் கை சும்மா இருக்குமா?

அங்கே நின்றபோது திட்டுவதற்கு வார்த்தைகளை வரிசையாக அடுக்கி வைத்தேன். பிறகு அவ்வளவும் மறந்து, வந்தால் போதும், வந்தால் போதும் என்று மட்டும் மனசுக்குள் ஓடியது.

முதலில் காவலாளிக்குத்தான் தெரிந்தது. கையை நீட்டினார். புள்ளியாக வந்து, சத்தம் பின்னால் வந்து, இறக்கை ஒருபக்கம் லேசாகச் சாய்ந்தபடி இறங்கினார். விமானம் ஒரு தரம் குதித்துவிட்டு ஓடி நின்றது. நான் ஓடினேன். இன்ஜினை அணைத்துவிட்டு, தலைக்குமேல் இருந்த கண்ணாடி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அணைச்சதுக்கப்புறமும் உங்ககிட்ட பேசிட்டேதானுங்க வந்தேன்” என்றார். “என்ன பண்றது, பழகிருச்சு.”

“என்ன சார் பேசுனிய?”

“என் பசங்களப் பத்தி என்னென்னவோ சொல்லிட்டு வந்தேன். அப்பறம் உங்க பொண்ணு பேரு என்னன்னு கேட்டேங்க. கேட்டுட்டு, நீங்க சொல்லுவீங்கன்னு கொஞ்ச நேரம் பேசாம இருந்தேன்.” கையால் முகத்தைத் துடைத்தார். “அப்பத்தான் உறைச்சுது. இத்தனை வெள்ளிக்கிழமைல ஒருக்காகூடக் கேக்கலயேன்னு. என்ன பேருங்க தம்பி?”

போனில் பேசும்போது மகளை பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அந்த நாட்டில் அவள் பெயரை ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சொன்னேன். பாதியில் குரல் உடைந்ததால் இன்னொரு தரம் சொல்லவேண்டி வந்தது.