கடலூர் போய் வந்த சராசரி நோட்டு

முந்நூற்றைப் பத்தால் வகுத்தால் முப்பது. அதில் தவறு இருக்க முடியும் என்று பத்து வயதில் எனக்குத் தெரியாது.

அப்போது நாங்கள் சிதம்பரத்தில், வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என்னிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. இடப்பக்கம் ஒருநாள் ஆட்டம், வலப்பக்கம் டெஸ்ட். ஒவ்வொரு மட்டையாளருக்கும் ஒரு வரி. பேப்பரில் ஸ்கோர் வந்த அன்றே ஏற்றிவிடுவேன். ஒரு வரி விட்டுப்போனாலும் சோறு இறங்காது. இந்தப் பழக்கம்தான் பின்னால் டைரியாக மாறியிருக்க வேண்டும்.

வீட்டில் என்னோடு கிரிக்கெட் பேச இருந்த ஒரே ஆள் சித்தி. அம்மாவின் தங்கை, ஒரு தட்டச்சு நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்தாள். அவளுக்குப் பிடித்தவர் ஐந்தாவதாக இறங்கும் ஒருவர். அடித்து ஆடாமல் நாள் முழுக்கக் கட்டை போடுவார். அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயரே கட்டை. என் ஆள் முதலிலேயே இறங்கி விளாசுபவர். நோட்டின்படி ஒருநாளிலும் டெஸ்டிலும் என் ஆளே மேல். டெஸ்டில் அப்படி இருக்காது, கணக்கில் எங்கோ இடிக்கிறது என்று சித்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு சித்தியைப் பெண் பார்க்க மூன்று வீட்டார் வந்து போயிருந்தார்கள். மூன்றாவதாக வந்த மாப்பிள்ளை, டெஸ்ட் மேட்ச் எல்லாம் வேலையில்லாதவர்கள் பார்ப்பது என்று பேச்சுவாக்கில் சொன்னார். வேலைக்குப் போய்க்கொண்டேதான் ரேடியோவில் கமெண்டரி கேட்பதாகச் சித்தி சமையலறையிலிருந்தே பதில் கொடுத்துவிட்டாள். அவர்கள் காபியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார்கள். சித்திக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. நான்காவதாகக் கடலூர் முதுநகரிலிருந்து வருகிறார்கள் என்றதும் அம்மா அவளைத் தனியாக நிறுத்திச் சொன்னாள்: "இன்னைக்கு ஒரு நாளு வாயத் தொறக்காத. கிரிக்கெட்டு பேச்சே வரக்கூடாது."

நோட்டைப் பரண்மேல் போடும்படி எனக்கும் உத்தரவு. போட்டேன். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை. விருந்தாளிகளுக்காகப் போட்ட டிவியில் ஒருநாள் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. என் ஆள் அவுட்டானார். மறுநாள் பேப்பர் வரும்வரை பொறுத்திருக்கலாம், என்னால் முடியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு நோட்டை எடுத்துவந்து, கூடத்தின் நடுவிலேயே உட்கார்ந்து எழுதினேன்.

சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் மாப்பிள்ளைக்கு வேலை. மணிக்கொரு முறை மீட்டர்களைப் பார்த்து ரீடிங் எழுத வேண்டும், ஒரு எண் மாறினாலும் ஷிப்டே ஆடிப்போய்விடும் என்று அவருடைய மாமா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை குனிந்து என் நோட்டைப் பார்த்தார்.

"பாப்பா, நாட் அவுட்டையும் சேத்து வகுத்திருக்கியே."

ஆடிய தடவைகளால் அல்ல, அவுட்டான தடவைகளால்தான் வகுக்க வேண்டுமாம். கட்டை டெஸ்டில் பத்து முறை ஆடி முந்நூறு எடுத்திருந்தார். அதில் நான்கு முறை அவரை யாராலும் அவுட்டாக்க முடியவில்லை. ஆறால் வகுத்ததும் முப்பது ஐம்பதானது. என் ஆள் கீழே போனார். அத்தனை பேர் முன்னிலையில் எனக்குக் கண் கலங்கியது. அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆறு மாசமா நானும் கணக்கு தப்புன்னுதான் சொல்றேன். எங்க கேக்குறா."

அம்மா கையில் பிடித்திருந்த பலகாரத் தட்டு அப்படியே நின்றது. மாப்பிள்ளை கதவைப் பார்த்துக் கேட்டார்: "அது சரி, ஒன்டேல அவர வெச்சிக்கிட்டு என்னங்க பண்றது?"

"மத்தவங்க அவுட்டாவாம இருந்தா ஒண்ணும் பண்ண வேணாம்."

அவர் சிரித்தார். அவருடைய அம்மா சிரிக்கவில்லை. ஊருக்குப் போய் லெட்டர் போடுவதாகச் சொல்லி எழுந்தார். முந்தைய மூன்று வீட்டாரும் அதையேதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கிளம்பும்போது மாப்பிள்ளை, எல்லாக் கணக்கையும் திருத்தி அனுப்புவதாகச் சொல்லி என் நோட்டை வாங்கிக்கொண்டார். அப்பா கடலூர் அலுவலகத்துக்குத் தினமும் ரயிலில் போய் முதுநகரில் இறங்குபவர். அவரிடம் கொடுப்பதாக ஏற்பாடு.

இரண்டு நாள் அம்மா சித்தியோடு பேசவில்லை. அந்த வாரம் முழுக்கச் சித்தி ரேடியோவைத் தொடவில்லை.

லெட்டர் வரவில்லை. பத்தாம் நாள் நோட்டு வந்தது. சராசரிகள் எல்லாம் நீல மையில், அச்சடித்ததுபோல் திருத்தப்பட்டிருந்தன. ஒருநாள் பக்கத்தில், சந்தித்த பந்துகளுக்கென்று புதிதாக ஒரு கட்டமும் இருந்தது. கட்டையின் பெயருக்கு எதிரே, ஓரத்தில், இவரை ஒருநாளில் எத்தனாவதாக இறக்கலாம் என்று ஒரு கேள்வி. சித்தி அதன் கீழே பென்சிலால், சீக்கிரம் விக்கெட் விழுந்தால் நான்காவது, இல்லையென்றால் ஏழாவது என்று எழுதி, இன்னும் ஒரு பக்கம் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா அதைப் பேப்பரில் சுற்றி, டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நோட்டு போனது, வந்தது, மறுபடியும் போனது. ஓரங்கள் நிரம்பின. கணக்கில் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்குகிறவள் நான். இத்தனை முறை திருத்துமளவுக்கு என் கணக்கு மோசமா என்று குமைந்தேன்.

மூன்றாம் முறை வந்தபோது வரிவரியாகப் பரிசோதித்தேன். விக்கெட் கீப்பரின் டெஸ்ட் வரியில் பிடிபட்டது. நானூற்றைம்பது ரன், ஒன்பது முறை அவுட். முதல் தடவை மாப்பிள்ளையே சரியாகப் போட்டிருந்த ஐம்பதை அடித்துவிட்டு நாற்பத்தைந்து என்று எழுதியிருந்தார். பேனாவோடு சித்தியிடம் ஓடினேன்.

சித்தி அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தாள். நான் அதை அடிக்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கை வெக்காத. அப்படியே போவட்டும்."

"அவருக்கு வாய்ப்பாடு தெரியல சித்தி."

"ஆமா, தெரியல," என்றாள். பென்சிலால் அந்த நாற்பத்தைந்தைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மாவே பூவும் பழமுமாக வந்து இறங்கினார். மகன் வேறு பெண்ணையே பார்க்க மாட்டேன் என்கிறான் என்று அலுத்துக்கொண்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நோட்டையும் அவரே கொண்டுவந்திருந்தார். அவசரமாகப் பிரித்துப் பார்த்தேன். வட்டத்துக்குள் நாற்பத்தைந்து அப்படியே இருந்தது.

இன்றும் அப்படியே இருக்கிறது. என் டைரிகளின் வரிசையில் அந்த நோட்டுதான் முதலாவது. கடைசிப் பக்கத்தில், அந்த வெள்ளிக்கிழமை நான் அடிக்கோடிட்டு எழுதிய குறிப்பு: "கடலூர்க்காரருக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு தெரியவில்லை. எடுத்துச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. சித்தி பாவம்."