வால்வைத் திறந்தவர்

லண்டன் வணிக நீதிமன்றத்தின் லிஃப்டில் அந்த வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் இருவர் மட்டுமே நின்றோம். அவர் கடலில் மூழ்கிப்போன ஒரு சரக்குக் கப்பலின் சீஃப் எஞ்சினியர், யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர். நான் அவருக்கு அமர்த்தப்பட்ட மொழிபெயர்ப்பாளர். அவர் சாட்சியத்தை நீதிபதி பாதியில் திங்கட்கிழமைக்கு ஒத்திவைத்திருந்தார். "தங்கச்சி, திங்கள் வரைக்கும் ஒருத்தரோடையும் கதைக்கக் கூடாதாம். வழக்கைப் பற்றி மட்டுமோ, ஒண்டுமே கதைக்கக் கூடாதோ?" என்று கேட்டார். வழக்கைப் பற்றி மட்டும்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சாட்சியோடு தனியே பேசுவது என் தொழிலுக்கு ஆகாது. கதவு திறக்கும்வரை மேலே மாறும் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கப்பல் முதலாளி காப்புறுதிப் பணம் கேட்டிருந்தார். சீஃபுக்கு அடுத்த நிலையில் இருந்த இளைய எஞ்சினியர் கவனக்குறைவாக ஒரு வால்வைத் திறந்துவிட்டதால் கடல்நீர் புகுந்தது என்பது அவர் வாதம். ஆங்கிலச் சட்டத்தில் ஊழியரின் கவனக்குறைவுக்கு இழப்பீடு கிடைக்கலாம். முதலாளியே சொல்லி மூழ்கடித்திருந்தால் எதுவும் கிடையாது. அந்த வாதத்துக்குத் துணையாக சீஃப் வாக்குமூலம் கொடுத்திருந்தார். பழி சுமந்த இளையவருக்கு அதன்பின் எந்தக் கப்பலிலும் வேலை கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை சீஃப் சவரம் செய்யாத முகத்தோடு வந்தார். காப்புறுதிக்காரரின் வழக்கறிஞர் வால்வைத் திறந்தது யார் என்ற பழைய கேள்வியையே மறுபடி கேட்டார். சீஃப் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவன்ர பிழை இல்லை. வால்வைத் திறந்தது நான். முதலாளிதான் திறக்கச் சொன்னவர்."

சாட்சி 'நான்' என்றால் மொழிபெயர்ப்பாளர்கள் நாங்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். வால்வைத் திறந்தது நான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பின்வரிசையில் முதலாளி என்னையே வெறித்துப் பார்த்தார்.

சாட்சியம் முடிந்ததும், காலையில் அவரைக் காரில் கூட்டிவந்த முதலாளியின் ஆட்கள், வெளியே பெஞ்சில் இருந்த அவரைப் பார்க்காமலே கடந்து போனார்கள். என் வேலையும் முடிந்திருந்தது. அவர் அருகில் போய் உட்கார்ந்தேன்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் என்ன செய்தனீங்கள், அண்ணை?"

"ஹோட்டல் அறையில டிவியைப் போட்டு வைச்சனான், ஆக்கள் கதைக்கிற சத்தத்துக்கு. ஆனா அவன்ர குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. 'சீஃப், தண்ணி வருது, மேல ஓடுங்கோ' எண்டு கத்தினவன். நான் திறந்துவிட்ட தண்ணியில இருந்து என்னைக் காப்பாத்தக் கத்தினவன்."

மாதங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. முதலாளி தோற்றார். இளையவர்மேல் தவறில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். லண்டன் கிங்ஸ்பரியில் என் சமையலறையில் நின்றபடி சீஃபுக்குத் தொலைபேசியில் அதைப் படித்துச் சொன்னேன்.

இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு, "இண்டைக்கு அவனும் எனக்குப் போன் அடிச்சவன், தங்கச்சி. நான் ஹலோ எண்டன். அவன் ஒண்டும் கதைக்கேல்ல. ஆனா வைக்கவும் இல்லை" என்றார்.