பொத்தான் இல்லாத சட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு மடையன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, சாட்சிகள் இருக்கிறார்கள். கிளிநொச்சியில் ஒரு பத்திரிகைக்குப் பிரதேச நிருபராகச் சேர்ந்த புதிதில், வன்னி வெயிலுக்குள் பன்னிரண்டு பைகள் வைத்த தடித்த மேற்சட்டையோடு திரிந்தேன். தொலைக்காட்சியில் யாரோ வெள்ளைக்காரன் போட்டிருந்ததைப் பார்த்து ஆசைப்பட்டது. பன்னிரண்டு பைகளுக்குள்ளும் சேர்த்து இருந்தவை ஒரு பேனாவும் இரண்டு டொபியும். கழுத்தில் கமெரா. அதன் பிளாஷை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் வெட்கம். அதனால் உச்சி வெயிலிலும் மின்னல் அடித்துக்கொண்டே செய்தி சேகரித்தேன். அந்த மின்னல்களில் ஒன்று ஒரு கண்ணாடியில் பட்டது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

வீதியோரத் தகரக் கொட்டிலில், காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் இருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு படம். மற்றவர்களுடையவை பிளாஸ்ரிக் உறை போட்டவை. ஓரத்தில் இருந்த அக்காவினுடையது மட்டும் சட்டமும் கண்ணாடியும் போட்டது. முள்ளிவாய்க்காலில் சனத்துக்குள் கைதவறிப்போன மகன். படத்தில் அவனுக்குப் பதினேழு வயது. என்னைக் கண்டதும் அக்கா சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து நெஞ்சோடு வைத்துப் பிடித்தார். துடைக்கும்போதே அழுகை வந்துவிட்டது. நான் கமெராவை அமத்தினேன்.

“தம்பி, பிள்ளையின்ரை முகம் விழுந்ததோ?”

“ஓம் அக்கா, வடிவா விழுந்திருக்கு.”

நான் பார்க்கவே இல்லை. டொபி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதற்பக்கத்தில் படம் வந்தது. அழுகிற அக்காவின் முகம் ஒவ்வொரு சுருக்கத்தோடும் தெளிவாக இருந்தது. அவர் பிடித்திருந்த சட்டத்துக்குள் மட்டும் வெள்ளையாக ஒரு வெளிச்சம். மகன் இல்லை. ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, “அந்த வெறுமையை எப்பிடியடாப்பா யோசிச்சனீ?” என்று வியந்தார். நானும் வெட்கமில்லாமல், “கொஞ்ச நேரம் யோசிச்சுத்தான் எடுத்தனான்” என்றேன். அந்தப் படத்துக்கு ஒரு பரிசும் கிடைத்தது. மேடைக்கு மேற்சட்டையோடுதான் போனேன்.

அக்கா ஏசவில்லை. “கண்ணாடி மினுங்கிப்போட்டுது தம்பி. இன்னொருக்கா எடுங்கோ. ஆராவது பாத்து இனங்காணவேணுமெல்லோ” என்றார். அவருக்கு அந்தப் படத்தால் ஆகவேண்டியது அது ஒன்றுதான். இன்னொருக்கா எடுத்தேன். மகன் தெளிவாக விழுந்தான், ஆனால் அக்கா அன்றைக்கு அழவில்லை. ஆசிரியர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: “அவா அழுற படம் எங்களிட்டை இருக்குத்தானே.”

இருந்தது. அதனால் அது திரும்பத் திரும்ப வந்தது. வெள்ளம் வந்தபோது வெள்ளத்துக்கு அக்கா அழுதார், வறட்சிக்கும் அவரே அழுதார். மண்ணெண்ணெய் இல்லாத வருடம் சட்டத்தை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் போட்டார்கள். பக்கம் செய்கிறவர்கள் கொழும்பில் இருந்தார்கள், அவர்களுக்கு வன்னி என்றால் அந்த முகம்தான். கொட்டிலில் பக்கத்தில் இருந்த அம்மா ஒருநாள் பேப்பரை விரித்துவைத்து, “எடியே, கொக்கிளாயிலை மீன் படேல்லையெண்டும் நீதானேயடி அழுறாய். உனக்கு வேறை வேலையில்லையோ?” என்று கேட்டார். கொட்டில் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தார். அவர் சிரித்ததை நான் படம் எடுக்கவில்லை. எடுத்தாலும் யார் போடுவார்கள்?

பிறகு பத்திரிகை கைமாறியது. சீமெந்து விற்கிற ஒரு முதலாளி வாங்கினார். மேசை, கதிரைகளோடு பழைய படங்களும் அவருக்குப் போயின. நான் விட்ட தவறும் அக்கா பட்ட துக்கமும் ஒரே நாளில் அவருடைய சொத்தாகின. போன வருடம், புளியங்குளத்தில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் இருந்துகொண்டு கைத்தொலைபேசியில் எங்கள் பத்திரிகையைப் பார்த்தேன். அதே படம், அதே அழுகை. ஆனால் சட்டத்துக்குள் வெளிச்சம் இல்லை. ஒரு பொடியன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அக்காவின் மகனுடைய முகம் எனக்கு மனப்பாடம். இவன் அவன் இல்லை. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். “படத்திலை ஒரு வெள்ளைக் கறை இருந்தது. கணினி நிரப்பிவிட்டது. வடிவாத்தானே இருக்கு?” என்றான் பக்கம் செய்கிறவன். அந்த முகத்தை நீக்கச் சொன்னேன். “படம் கம்பனிக்குச் சொந்தம் அண்ணை” என்றான். பத்துக் கோடி முகங்களைத் தின்ற ஒரு இயந்திரம், பெற்றவர் யாருமில்லாத ஒரு முகத்தைக் கக்கியிருந்தது. வெளியே தார் வீதி வெயிலில் நெளிந்துகொண்டிருந்தது. எனக்குக் குளிர்ந்தது.

மூன்றாம் நாள் அக்கா தொலைபேசி எடுத்தார். “தம்பி, பிள்ளையின்ரை படத்தை ஒருமாதிரிப் போட்டிட்டியள் போல. ஒருத்தர் பேப்பரைப் பாத்திட்டுப் போன் எடுத்தவர். வவுனியாப் பக்கம், மரக்காலைக்குப் பக்கத்திலை கண்டவராம். கோடி புண்ணியம் உங்களுக்கு.” அக்கா அந்தப் பேப்பரைக் கண்ணால் காணவில்லை. உண்மையைச் சொல்லவேண்டிய இடம் அதுதான். நான் சொன்னது, “எத்தினை மணிக்கு வெளிக்கிடுவம் அக்கா?” மடையனுக்குள்ளேயே ஒரு கோழையும் குடியிருக்கிறான் என்று அன்றைக்குத் தெரிந்தது. இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒருவேளை அக்காவின் மகனாகவே இருக்குமோ என்று நானும் நினைத்தேன்.

பஸ் முழுக்க அக்கா சட்டத்தை மடியில் வைத்திருந்தார். மரக்காலையில் வாள் மரத்தை அறுக்கிற சத்தம் வீதிவரைக்கும் கேட்டது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர்தான் கூப்பிட்டவர். நல்ல மனிதர். அக்காவின் கண்ணாடிப் படத்தை வாங்கிக் கனநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“இவனில்லை அம்மா. நான் கண்டது பேப்பரிலை வந்த பொடியனை. பதினாறு, பதினேழு வயசு. மத்தியானத்திலை உதிலை வந்து நிப்பான். கதைக்கமாட்டான், சிரிப்பான் மட்டும். சட்டைக்குப் பொத்தானே இல்லை, பாவம்.”

“என்ரை பிள்ளைக்கு இப்ப தலை நரைக்கத் தொடங்கியிருக்கும்” என்றார் அக்கா மெதுவாக. சட்டத்தை வாங்கித் துடைத்தார்.

நான் பத்திரிகையைத் தொலைபேசியில் எடுத்துப் பெருப்பித்துப் பார்த்தேன். அத்தனை நாளும் கவனிக்கவில்லை. பொடியனின் சட்டைக் கழுத்து தோலோடு சேர்ந்து உருகினதுபோல இருந்தது. பொத்தான் இல்லை, பொத்தான் ஓட்டையும் இல்லை. கடைக்காரர் படத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறார் என்று என்னைச் சமாதானப்படுத்தினேன். வாள் நின்றது. கடைக்காரர் வீதியைப் பார்த்து, “இந்நேரத்துக்கு வாறவன். இண்டைக்குக் காணேல்லை” என்றார். நாங்கள் மூவரும் வெறும் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பஸ் வந்தபோது அதற்குள் ஏற நான் அவசரப்பட்டேன் என்பதை மறைக்கமாட்டேன்.

திரும்பும் வழியில்தான் எல்லாவற்றையும் சொன்னேன், பிளாஷ், டொபி, பரிசு, கணினி என்று ஒன்றும் விடாமல். “அப்பிடி ஒரு பொடியன் உலகத்திலையே இல்லை அக்கா.” மாங்குளம் தாண்டியதும் அக்கா, “அந்தப் பேப்பர் ஒண்டு கிடைக்குமோ?” என்று கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கும் தைரியம் வரவில்லை.

போன கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பத்திரிகை வேலையை விட்டுவிட்டேன். மேற்சட்டை வீட்டில் சைக்கிள் துடைக்கிற துணியாகிவிட்டது. படத்தை நானே என் முகநூல் பக்கத்தில் போடுவதென்று முடிவு. அக்கா முற்றத்துக் கதிரையில் இருந்தார். உச்சி வெயில். கண்ணாடியைத் துடைத்து நெஞ்சோடு பிடித்தார். பிளாஷை நிறுத்தினேன், கண்ணாடியைச் சற்றுச் சரிக்கச் சொன்னேன், எடுத்தேன்.

“முகம் விழுந்ததோ தம்பி?”

இந்த முறை பார்த்தேன். மகன் தெளிவாக விழுந்திருந்தான். “ஓம் அக்கா” என்றேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு உண்மை. அப்போதுதான் கமெராவின் சின்னத் திரையில், அவருடைய தோளுக்குப் பின்னால், திறந்த கதவுக்குள்ளே சுவரில் இன்னொரு முகம் தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். பேப்பரில் இருந்து அந்தப் பொடியனை மட்டும் அளவாக வெட்டியெடுத்து, சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். அன்றைக்குப் பறித்த ஒரு செம்பரத்தம்பூ. தூசி இல்லை, அதையும் துடைக்கிறார். பொடியன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

வெளியே வந்து, “அக்கா, உவன் ஒருத்தற்றை பிள்ளையும் இல்லையெண்டு சொன்னனான் எல்லோ?” என்றேன்.

“அப்ப அவனை ஆர் தேடுறது?”