லோயருக்கு அப்புறம் ஹையர்

பிளஸ் டூ முடித்த வருஷம் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "அடுத்து இன்னா பண்ணப் போற?" தெரிந்தால் சொல்லமாட்டேனா? டீச்சர் டிரெயினிங் போ என்றாள் அத்தை. நர்ஸ் வேலைக்குப் படித்தால் சோற்றுக்குக் கஷ்டமில்லை என்றார் பஸ் கண்டக்டர். அவருக்குக்கூட என் எதிர்காலத்தைப் பற்றி ஒரு யோசனை இருந்தது, எனக்கு மட்டும் இல்லை. யார் சொன்னாலும் சரி என்றே பட்டது. அதுதான் என் தொல்லை.

கடைசியில் டைப்ரைட்டிங்கில் சேர்ந்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை, தோழி சேர்ந்தாள். கீழ்பென்னாத்தூரில் காலை பஸ் ஏறினால் திருவண்ணாமலை, தேரடித் தெருவில் ஒரு மாடியில் இன்ஸ்டிட்யூட். முதல் பரீட்சைக்கு லோயர் என்று பேர், அடுத்தது ஹையர். சேர்ந்த அன்றே மாஸ்டர் பிடித்துக்கொண்டார்.

"லோயர் முடிச்சிட்டு என்ன உத்தேசம்?"

"ஹையர் சார்."

"அதுக்கப்புறம்?"

"பேங்க்குனு சொல்லேன்டி" என்று தோழி இடுப்பில் கிள்ளினாள். "பேங்க் சார்" என்றேன். பேங்கில் என்ன வேலை என்று கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

அப்பா நிலக்கடலை போடுகிறவர். எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அந்த ஐப்பசியில் அத்தை சேத்துப்பட்டிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தாள். நிலம், கிணறு, மோட்டார் செட்டு எல்லாம் இருக்கிற இடம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. என் கதை முடிந்தது என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"பொண்ணு லோயருக்குப் படிக்குது. அது முடியாம கல்யாணப் பேச்சே வாணாம்" என்று அப்பா ஒரே போடாகப் போட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டைப் அடிப்பதற்காக நல்ல வரனைத் தள்ளிப்போடுகிற அப்பா எங்கள் ஊரில் உண்டா? தெருவில் எனக்குத் திடீர் மரியாதை வேறு. பக்கத்துக் கொல்லைக்காரர் பஸ் ஸ்டாப்பில் என்னை நிறுத்தி, "வரப்புத் தகராறு ஒண்ணு இருக்குதும்மா. நீ முடிச்சிட்டு வந்ததும் பாத்துக்கலாம்" என்றார். மனு டைப் அடித்துத் தரச் சொல்கிறார் போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ரிசல்ட் வந்த அன்று அப்பாவும் கூட வந்தார். பாஸ் என்றதும் நேரே ஓட்டலுக்குக் கூட்டிப்போய்க் காபி சொன்னார்.

"கறுப்புக் கோட்டு இங்கயே தைப்பாங்களா பாப்பா, வேலூருக்குப் போவணுமா?"

"கோட்டு எதுக்குப்பா?"

"லோயர்னா கோட்டு வாணாமா?"

"அப்பா, நீ சொல்றது வக்கீலு, லாயர். இது லோயர். டைப்புல சின்னப் பரீட்சை."

"அப்ப அதுக்கப்புறம் ஹையர்னியே, அது ஐகோர்ட்டு இல்லையா?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அதுவும் டைப்புதாம்பா."

காபி ஆறிக்கொண்டிருந்தது. இனி சேத்துப்பட்டுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முகம்கூடப் பார்க்காத அந்தப் பையன் மேல் எனக்கென்ன கோபம்? ஆனால் பயமாக இருந்தது. அது வேண்டாமென்றால் வேறென்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் கிடையாது.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த லோயரு ஆவணும்னா இன்னா படிக்கணும்?"

"தெரியலப்பா."

"எனக்கும் தெரியாது. கோர்ட்டு வாசல்ல யாரையாவது கேப்போம், எழுந்திரு."

எனக்கு அது பிடிக்குமா என்று அவர் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. என் மேல் இருந்த நம்பிக்கையா, ஊரெல்லாம் சொல்லிவிட்டோமே என்ற வீம்பா? கறுப்புக் கோட்டுப் போட்டு இத்தனை வருஷம் ஆகியும் எனக்குத் தெளியவில்லை. அன்று வெயிலில் அவர் பின்னாலேயே நடந்தேன்.

"சேத்துப்பட்டுக்காரங்களுக்கு இன்னாப்பா சொல்றது?" என்று மட்டும் கேட்டேன்.

"அதேதான்" என்றார் அப்பா. "பொண்ணு லோயருக்குப் படிக்குதுனு."