ஆயுசுக்குச் சேத்து எம்புட்டு?

குடை ரிப்பேர்காரர் கம்பியை நிமிர்த்தி முடிக்கவில்லை, அதற்குள் ஜெயபாய் கேட்டாயிற்று: "இந்தாரும், இந்த ஒரு தடவைக்கு வேண்டாம். ஆயுசுக்குச் சேத்து எம்புட்டு?"

குடைக்காரர் குடையைப் பார்த்தார், ஜெயபாயைப் பார்த்தார். "எந்த ஆயுசுக்கா? குடைக்கா, ஒங்களுக்கா?"

"ஒமக்குய்யா! நீரு இருக்க மட்டும் நான் கொண்டாருவேன், நீரு நிமித்தித் தரணும்."

மனிதர் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். கூலியைக்கூட வாங்கவில்லை.

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஜெயபாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. குட்டையான உருவம், கட்டைக் குரல், மூக்கின் நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடி. ஒரே பொருளுக்கு இரண்டாம் முறை பணம் எடுப்பதென்றால் அவருக்கு வயிறு எரியும். சபைப் பத்திரிகைக்கு எண்பத்து மூன்றில் ஆயுள் சந்தா கட்டினார். மூன்றே வருஷத்தில் பத்திரிகை கண்ணை மூடிவிட்டது. "ஆயுசு எனக்கில்லையாம், அதுக்காம்!" என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு ஒரு வீடியோ கேசட் கடையில் ஆயுள் உறுப்பினர் ஆனார். அந்தக் கடைக்காரர் கேசட்டை எல்லாம் ஏறக்கட்டிவிட்டு அதே இடத்தில் பேக்கரி போட்டார். ஜெயபாய் விடுவாரா? சனிக்கிழமைதோறும் பழைய அட்டையை நீட்டுவார். "கேசட்டு இல்லேன்னா பப்ஸ் குடுங்க." கடைக்காரரும் தலையெழுத்தே என்று ஒரு பப்ஸ் கொடுத்துவருகிறார். கணவர் தேவஇரக்கம் மில்லில் ஃபிட்டர். "நான் கட்டுன ஆயுள் சந்தாவுல நின்னு நிலைச்சது இவிய ஒருத்தருதான்" என்று ஜெயபாய் கைகாட்டினால், அந்த நல்ல மனிதர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

இதற்கு ஜெயபாய் சொல்லும் காரணம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். "கடை பூராவும் தேதி போட்ட சரக்கு. விடிஞ்சா அடைஞ்சா எது செத்துப்போச்சுன்னு பாக்குறதே பொழப்பு. நான் வாங்குறதாவது தேதி இல்லாம கெடக்கட்டுமே!" தேதி விஷயத்தில் அவர் அவ்வளவு கறார். மாத்திரை அட்டையை வெட்டும்போதுகூடத் தேதி அச்சடித்த முனையைத் தொடமாட்டார். மறுமுனையிலிருந்துதான் கத்தரி வரும். இருபது வருஷத்தில் தேதி கடந்த ஒரு மாத்திரை அவர் கையால் வெளியே போனதில்லை. இதை அவர் யாரிடமும் பீற்றிக்கொள்வதில்லை. ஊருக்கே தெரியும்.

தொண்ணூற்றைந்து ஏப்ரலில் அந்தக் கடைக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் சேதுபதி, மருந்துக்கடைகளுக்கென்றே ஒரு புரோகிராம் எழுதி, பிளாப்பிகளை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்துபோகும் பையன். பில் போடும், இருப்புச் சொல்லும். எல்லாவற்றையும்விட, தேதி கடந்த சரக்கின் பெயரைத் தட்டினால் பெட்டி கீச்சென்று கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டு ஜெயபாய் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார்.

"வருசத்துக்கு ஆயிரத்து எரநூறுக்கா."

"அதெல்லாம் வேண்டாம். ஆயுசுக்குச் சேத்து எம்புட்டு?"

"ஆயுசுக்கு நான் குடுக்குறதில்லக்கா. வருசா வருசம் வரி மாறும், புது மருந்து வரும். நான் வந்து சரிபாக்கணும்லா? மொத்தமா வாங்கிப் போட்டுட்டா நான் எதுக்கு வரப்போறேன்?"

"நீ வராட்டா என்ன, ஒம் மூஞ்சியப் பாக்கவா ரூவா குடுக்கேன்?"

பையன் அசையவில்லை. ஜெயபாய் முணுமுணுத்துக்கொண்டே ஒரு வருஷத்துக்குக் கட்டினார். அன்று ராத்திரிச் சோறு அவருக்கு இறங்கவில்லை என்று தேவஇரக்கம் பிறகு சொன்னார்.

அடுத்த ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை, திரையில் 'சந்தா முடிந்தது' என்று ஒரே வரி. என்ன தட்டினாலும் அதேதான். சேதுபதி பெட்டிக்குள் தேதிப் பூட்டு வைத்திருந்தான். ஜெயபாய் கொதித்துப்போனார். அந்த நேரம் பார்த்துத் தலைவலி மாத்திரைக்கு வந்தவர் அய்யூப், மில்லில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது பெரிய வித்தையாக்கா? தேதியை ஒரு வருசம் பின்னுக்குத் தள்ளி விடுங்க. அது போன வருசம்னே நெனச்சுக்கிட்டு ஓடும்."

தள்ளினார்கள். ஓடியது! ஜெயபாய்க்குத் தலைகால் புரியவில்லை. அய்யூப்பின் மாத்திரைக்குக் காசு வாங்கவில்லை; ஜெயபாய் காசு வாங்காமல் மருந்து கொடுத்ததை அன்றுதான் தென்காசி ரோடு பார்த்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "வாங்க, இங்க இன்னும் தொண்ணூத்தஞ்சுதான். உள்ள வந்தா எல்லாருக்கும் ஒரு வயசு கொறையும்" என்று அளந்தார். பில்லில் 95 என்று விழும். நீலப் பேனாவால் ஐந்தின் வாலை வளைத்து ஆறாக்கிவிடுவார். வளைக்கும்போது ஒரு சிரிப்பு வரும். அந்த வயிறு குலுங்கும் சிரிப்புக்காகவே இரண்டு தடவை பில் கேட்டவர்கள் உண்டு.

அப்படியே ஏப்ரல் போயிற்று, மே போயிற்று, ஆகஸ்ட் வந்தது.

ஒரு வியாழக்கிழமை பகல், வத்திராயிருப்பு பேச்சிமுத்து தன் மூன்று வயது மகளுக்கு இருமல் மருந்து வாங்கிப் போனான். போகும்போது வழக்கமான கிண்டல்: "எக்கா, பிள்ளைக்கு ஆயுசுக்குச் சேத்து எம்புட்டு?" "போலே, ஒரு பாட்டில்தான். கேக்கலேன்னா பொறவு டாக்டரைப் பாரு!"

கால் மணி நேரத்தில் இன்னொருவர் அதே மருந்து கேட்டார். ஜெயபாய் பெயரைத் தட்டினார். பெட்டி கத்தவில்லை. பாட்டிலை எடுத்து நீட்டும்போது பழைய பழக்கத்தில் கட்டைவிரல் லேபிளைத் தடவியது. கம்ப்யூட்டர் வந்தபிறகு கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார். விரலுக்குக் கொடுக்கவில்லை போலும். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஜூன் 96.

பெட்டிக்கு அது அடுத்த வருஷம். அது எப்படிக் கத்தும்?

"ஆண்டவரே! அந்தப் பிள்ளை!" என்று ஜெயபாய் போட்ட சத்தத்தில் மருந்து கேட்டவர் வாசலுக்குப் போய்விட்டார். அதே அட்டைப்பெட்டிச் சரக்கிலிருந்துதான் பேச்சிமுத்துவுக்கும் எடுத்துக் கொடுத்திருந்தார். வேறு கம்பெனி மருந்து ஒன்றை எடுத்து, தேதியை மூன்று தடவை வாய்விட்டுப் படித்து, முந்தானையில் முடிந்துகொண்டார். பட்டப்பகலில் ஷட்டரை இறக்கினார். இருபது வருஷத்தில் அதுவும் முதல் தடவை.

"ஏலே மாரிசாமி, ஆட்டோவை எடு! வத்திராப்பு பஸ்ஸைப் பிடிக்கணும்!"

"எம்புட்டுத் தூரம்க்கா?"

"பிடிக்க மட்டும்!"

ஆட்டோ பறந்தது. பள்ளத்துக்குப் பள்ளம் ஜெயபாயின் தலை மேலே இடித்தது. "வேகமாப் போலே" என்று ஒரு தடவையும் "கொல்லப் பாக்கியா?" என்று மறு தடவையும் கத்திக்கொண்டே போனார். வத்திராயிருப்புக்காரர்கள் பஸ் மாறுகிற ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குள் ஆட்டோ திரும்பவும் பஸ் ரிவர்ஸ் எடுக்கவும் சரியாக இருந்தது. செருப்பு ஒன்று கீழேயே கிடக்க, ஜெயபாய் பஸ்ஸுக்குள் ஏறினார்.

ஜன்னலோரத்தில் பேச்சிமுத்து. மடியில் மகள், வாயைத் திறந்துகொண்டு. மருந்து மூடியில் வழிய வழிய நிற்கிறது.

"குடுக்காதலே!"

தட்டிவிட்ட தட்டில் மருந்து பேச்சிமுத்துவின் சட்டை, முன்சீட்டுக்காரரின் வழுக்கை, கண்டக்டரின் டிக்கெட் கட்டு எல்லாவற்றிலும் இறங்கியது. பிள்ளைக்கு ஒரே குஷி, கைகொட்டிச் சிரித்தது. ஜெயபாய்க்கு மூச்சும் அழுகையும் சேர்ந்து வந்தன. "தேதி போனதைக் குடுத்துட்டேன்யா. என் தப்புதான், என் கஞ்சப்புத்தி. பிள்ளை ஒரு சொட்டாவது குடிச்சுதா?"

"இல்லக்கா, இப்பத்தான் ஊத்துனேன்."

முந்தானையை அவிழ்த்து நல்ல பாட்டிலைக் கொடுத்தார். பேச்சிமுத்து பிசுபிசுத்த சட்டையைப் பார்த்தான். "இம்புட்டுத் தூரம் வந்து குடுக்கீகளே, இதுக்கு எம்புட்டுக்கா?" என்றான். ஜெயபாய் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு முத்திக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஒற்றைச் செருப்போடு அவர் நேராகப் போன இடம் சேதுபதி வீடு. சண்டைக்குத்தான் வருகிறார் என்று பையன் எழுந்து நின்றுவிட்டான். ஜெயபாய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், அய்யூப்பின் பெயரை மட்டும் விட்டுவிட்டு. சேதுபதிக்கு முகம் வெளுத்தது.

"நான் பூட்டுப் போட்டதாலதான அக்கா தேதியை மாத்துனீக? எனக்கு அது தோணலையே! வேண்டாம்க்கா. பூட்டே இல்லாமத் தாரேன். காசும் வேண்டாம், ஆயுசுக்கும் வச்சுக்கோங்க."

உட்கார்ந்து, பிளாப்பியைச் செருகி, காப்பி எடுத்து, லேபிளில் 'ஆயுள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினான்.

வாழ்நாள் முழுக்க ஜெயபாய் கேட்டுத் திரிந்தது அதுதான். கையில் வாங்கினார். கட்டைவிரலால் லேபிளைத் தடவினார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு பர்ஸைத் திறந்து பன்னிரண்டு நூறு ரூபாய்த் தாள்களை மேஜைமேல் வைத்து, அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, 'ஆயுள்' என்பதை அடித்துவிட்டு 31-3-97 என்று எழுதி, மை காய ஊதினார்.